ஆங்கில ஆசிரியர்களுக்கு மடற்குழு எதற்கு, எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்கள் மின்னஞ்சல் வழியாகவே கூடிப் பேசும் குழுக்கள் உலகெங்கும் உண்டு. தமிழில் அவற்றை மடற்குழு, மடலாடற்குழு என்கிறோம். பணியிடைப் பயிற்சிகளிலும் ஆசிரியர் அறைகளிலும் இந்தப் பேச்சை எடுத்தால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பள்ளி, கல்லூரி என்று எங்கே வேலை பார்ப்பவருக்கும் பொருந்தும். ஆனால் தன் பள்ளியில் ஒரே ஆங்கில ஆசிரியராக இருப்பவரை மனதில் வைத்துத்தான் பெரும்பகுதியை எழுதினேன்.

மடற்குழு எப்படி வேலை செய்கிறது?

குழுவுக்கென்று ஒரு மின்னஞ்சல் முகவரி இருக்கும். அந்த முகவரிக்கு ஒரு மடல் போட்டால் உறுப்பினர் அத்தனை பேருக்கும் அது போய்ச் சேரும். யாராவது பதில் எழுதினால் அதுவும் எல்லோருக்கும் வரும். எல்லா மடல்களும் தேதிவாரியாக ஒரு சேமிப்பகத்தில் சேர்ந்துகொண்டே இருக்கும். 1986இல் பாரிஸில் எரிக் தாமஸ் என்ற பொறியியல் மாணவர் எழுதிய 'லிஸ்ட்செர்வ்' என்ற மென்பொருள், ஆட்களைச் சேர்ப்பது, நீக்குவது போன்ற வேலைகளைத் தானாகச் செய்ய ஆரம்பித்தது. அதற்கப்புறம்தான் பல்கலைக்கழகங்களில் இப்படிப்பட்ட குழுக்கள் பெருகின. இன்று கூகுள் குரூப்ஸ் போன்ற சேவைகள் அதே வேலையை இலவசமாகச் செய்கின்றன.

வாட்ஸ்அப் குரூப்பே நான்கைந்து இருக்கிறதே, இது வேறு எதற்கு?

அவசரத்துக்கு வாட்ஸ்அப்தான் சரி. நாளை பயிற்சி எந்த இடத்தில், 'ஈமிஸ்' என்ற கல்வித்துறை இணையதளத்தில் மதிப்பெண் ஏற்றக் கடைசி நாள் எது, வினாத்தாள் வந்துவிட்டதா என்பதற்கெல்லாம் அதைவிட வேகமான வழி இல்லை. பாடம் நடத்துவது பற்றிய கேள்விக்குத்தான் அது ஒத்துவருவதில்லை. 'எட்டாம் வகுப்பில் கேள்வி வாக்கியம் அமைக்கத் திணறுகிறார்கள், என்ன செய்யலாம்?' என்று காலையில் ஒருவர் கேட்பார். பத்து மணிக்குள் அதற்குக் கீழே இரண்டு சுற்றறிக்கை, ஒரு பிறந்தநாள் வாழ்த்து, வரிசையாகக் கும்பிடும் கைகள் எல்லாம் வந்துவிடும். பதில் தெரிந்தவர் சாயங்காலம் வீட்டுக்குப் போய் ஃபோனை எடுக்கும்போது அந்தக் கேள்வி எங்கோ மேலே போயிருக்கும்.

மடற்குழுவில் ஒவ்வொரு கேள்விக்கும் தலைப்பு உண்டு. நான்கு நாள் கழித்து ஒருவர் எழுதும் பதிலும் அதே தலைப்பின் கீழ் போய் உட்காரும். அதனால் யோசித்து எழுத அவகாசம் கிடைக்கிறது. வகுப்பில் ஒரு தடவை செய்து பார்த்துவிட்டு வந்துகூட எழுதலாம். இரண்டு வருடம் கழித்து இதே சிக்கலோடு தேடி வருகிறவருக்கும் அந்த உரையாடல் முழுசாகக் கிடைக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. நம் வாட்ஸ்அப் குரூப்பில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே பாடநூலை நடத்துகிறவர்கள், ஒரே பயிற்சிக்குப் போய் வந்தவர்கள். அதனால் பதில்களும் ஒரே மாதிரிதான் வரும். அதோடு அதே குரூப்பில் அதிகாரிகளும் இருக்கும்போது 'எனக்கு இந்தப் பாடம் நடத்த வரவில்லை' என்று யாருக்கு எழுத மனம் வரும்? முகம் தெரியாத ஆசிரியர்கள் நடுவே அதைத் தயங்காமல் கேட்கலாம்.

இப்படி மடல் எழுதிக்கொண்டதால் உருப்படியாக ஏதாவது நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. 1991இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தில் 'டெஸ்ல்-எல்' என்ற குழு தொடங்கியது. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகவோ அயல்மொழியாகவோ கற்பிக்கிறவர்களுக்கான குழு அது. பாடப்பொருள் தயாரிப்பவர்களுக்கு ஒன்று, கணினி வழிக் கற்பித்தலுக்கு ஒன்று, வேலை தேடுகிறவர்களுக்கு ஒன்று என்று கிளைக் குழுக்கள் பிரியும் அளவுக்கு அது வளர்ந்தது. வலைத்தளங்கள் பரவலாகாத காலம் அது. கையில் ஒரு மின்னஞ்சல் முகவரி மட்டும் வைத்திருந்த ஆசிரியருக்கு வேறொரு நாட்டு வகுப்பறையில் என்ன நடக்கிறது என்று அன்றாடம் தெரிந்துகொள்ள இருந்த வழி அதுதான்.

அதைவிட எனக்குப் பிடித்த கதை 'டாக்மி' என்ற கற்பித்தல் முறையினுடையது. 2000ஆம் ஆண்டில் ஸ்காட் தோர்ன்பரி என்ற ஆங்கில ஆசிரியர் பயிற்சியாளர் ஒரு சிறிய கட்டுரை எழுதினார். பாடநூல், ஒளிநகல், ஒலிநாடா, பயிற்சித்தாள் என்று பொருள்கள் குவிந்து கிடக்கின்றன, வகுப்பில் இருக்கும் மனிதர்களின் பேச்சு மட்டும் காணாமல் போய்விட்டது என்பது அவருடைய ஆதங்கம். செயற்கை உத்திகளை ஒதுக்கிவிட்டுப் படம் எடுப்போம் என்று டேனிஷ் இயக்குநர்கள் 1995இல் அறிவித்த 'டாக்மி 95' இயக்கத்திலிருந்து பெயரை எடுத்துக்கொண்டார். கட்டுரையோடு விஷயம் முடியவில்லை. அந்த வருடமே யாஹூவில் ஒரு மடற்குழு உருவானது. பல நாட்டு ஆசிரியர்கள் 'இன்று என் வகுப்பில் பாடநூலைத் திறக்காமல் நடத்திப் பார்த்தேன், இப்படிப் போனது' என்று எழுதினார்கள். மற்றவர்கள் கேள்வி கேட்டார்கள், மறுத்தார்கள். உரையாடலை மையமாக வைப்பது, வெளிப் பொருள்களைக் குறைப்பது, மாணவர் பேச்சில் தானாக எழும் மொழியை எடுத்துப் பாடமாக்குவது என்று இன்று பயிற்சி நூல்களில் படிக்கும் கொள்கைகள் அந்த மடல்களில்தான் அடித்துத் துவைத்துச் சீராயின. ஒரு கற்பித்தல் முறையை வேலையில் இருக்கும் ஆசிரியர்கள் மடல் எழுதி எழுதி வளர்த்தார்கள் என்பது நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய தெம்பு.

தமிழர்களுக்கும் இது புதிதல்ல. பாலா பிள்ளை 1995இல் தொடங்கிய 'தமிழ்.நெட்' ஒரு மடற்குழுதான். தமிழ் இலக்கியங்களை மின்வடிவில் தரும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. அதற்குக் கைகொடுத்தவர்கள் அந்தக் குழுவில் பழகிய தன்னார்வலர்கள்.

என் ஆங்கிலம் அவ்வளவு சரளமாக இருக்காது. அங்கே எழுதினால் மதிப்புக் குறையாதா?

மனம் விட்டுப் பேசும்போது அநேகமாக எல்லா ஆசிரியர்களும் இதைக் கேட்கிறார்கள். இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததற்கும் இந்தக் கேள்விதான் முக்கியக் காரணம்.

நம் வேலைநாள் ஒன்றை யோசித்துப் பாருங்கள். காலையிலிருந்து மாலை வரை ஆங்கிலப் பாடம் நடத்துகிறோம். கரும்பலகையில் எழுதுகிறோம், நோட்டுத் திருத்துகிறோம், பாடக்குறிப்பு எழுதுகிறோம். இதில் விவரம் தெரிந்த ஒரு பெரியவருக்கு, நம் மனதில் இருப்பதைச் சொல்ல, நாமாக ஆங்கிலத்தில் நான்கு பத்தி எழுதுவது எத்தனை முறை? பலருக்கு மாதக்கணக்கில் அப்படி ஒரு சந்தர்ப்பமே வருவதில்லை. விடுப்பு விண்ணப்பமும் அச்சடித்த மாதிரி ஒரே வாசகம்தான். மாணவர்களின் ஆங்கிலத்தை மட்டுமே படித்து, அவர்களுக்கு ஏற்ற ஆங்கிலத்தை மட்டுமே பேசிக்கொண்டிருந்தால் நம் மொழியும் அந்த அளவுக்கே சுருங்கிவிடும். வருடக்கணக்காக ஆறாம் வகுப்பு நடத்தியவர்களைக் கேட்டால் இது எவ்வளவு உண்மை என்று சொல்வார்கள்.

மடற்குழு அந்தச் சந்தர்ப்பத்தைத் தருகிறது. அங்கே நீங்கள் எழுதும் ஆங்கிலத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் வகுப்பைப் பார்த்தே இராத ஒருவருக்கு அதைப் புரியவைக்க வேண்டும். மதிப்பெண் போட யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. பிரேசில், துருக்கி, வியட்நாம் என்று பல இடங்களில் இருந்து வருகிறவர்கள், உங்களைப் போலவே ஆங்கிலத்தைப் படித்துக் கற்றவர்கள், அங்கே தினமும் எழுதுகிறார்கள். அவர்களுடைய மடல்களிலும் 'in', 'at' போன்ற முன்னிடைச்சொல் தவறும், 'a', 'the' போன்றவை விடுபடும். யாரும் அதைச் சுட்டிக்காட்டிக் கேலி செய்வதில்லை. பெரும்பாலான குழுக்களில் பிறர் மொழிப் பிழையைத் திருத்தக்கூடாது என்று எழுதாத விதியே உண்டு.

முதல் மடலை முந்தின நாள் எழுதி வைத்துவிட்டு, மறுநாள் காலையில் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்து அனுப்புங்கள். சிறிய வாக்கியங்கள் போதும். ஆறு மாதம் தொடர்ந்து எழுதினால் வகுப்பில் நீங்கள் பேசும் ஆங்கிலத்திலும் மாற்றம் தெரியும். முக்கியமாக, 'எதற்காக எழுதுகிறோம், யாருக்கு எழுதுகிறோம்' என்று மாணவர்களிடம் கேட்கும்போது உங்கள் கையில் சொந்த அனுபவம் இருக்கும்.

எந்தக் குழுவில் சேரலாம்?

முதலில் ஆசிரியர் சங்கங்களைப் பாருங்கள். இந்திய ஆங்கில ஆசிரியர் சங்கமான 'எல்டாய்' 1974இல் தொடங்கியது. தலைமையிடம் சென்னை. பல ஊர்களில் கிளைகள் உண்டு. பிரிட்டனில் 1967இல் தொடங்கிய 'ஐயாடெஃபில்' சங்கத்தில் சிறார் கற்பித்தல், உச்சரிப்பு, இலக்கியம் என்று துறைவாரியாகச் சிறு குழுக்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் 'டீசால்' 1966இல் தொடங்கியது. அதன் தன்னார்வலர்கள் நடத்தும் 'எலக்ட்ரானிக் வில்லேஜ் ஆன்லைன்' என்ற ஐந்து வார இணையப் பயிலரங்குகள் ஆண்டுத் தொடக்கத்தில் நடக்கும், கட்டணம் கிடையாது. 2002இல் அப்படி ஒரு பயிலரங்காகத் தொடங்கிய 'வெப்ஹெட்ஸ் இன் ஆக்‌ஷன்' குழு, பயிலரங்கு முடிந்த பிறகும் வருடக்கணக்கில் பேசிக்கொண்டே இருந்தது. பயிலரங்கில் அறிமுகமானவர்களோடு தொடர்ந்து எழுதிக்கொள்வதுதான் புதியவருக்கு எளிதான வழி என்று நினைக்கிறேன்.

கல்லூரியில் கல்விசார் ஆங்கிலம் நடத்துகிறவர்களுக்கு, பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களின் ஜிஸ்க்மெயில் சேவையில் இயங்கும் 'பேலீப்' குழு நல்ல தரம்.

சில குழுக்களில் சேரச் சங்க உறுப்பினர் கட்டணம் கட்ட வேண்டும். கட்டுவதற்கு முன் பழைய மடல்களைப் பார்க்க முடிகிறதா என்று பாருங்கள். கடைசி மடல் போன வருடம் வந்திருந்தால் அந்தக் குழு தூங்குகிறது என்று அர்த்தம். அறிவிப்புகளும் கருத்தரங்க அழைப்புகளும் மட்டுமே வரும் குழுவையும் தள்ளிவிடலாம்.

சேர்வது எப்படி?

பழைய பாணிக் குழுக்களுக்கு இரண்டு முகவரிகள் இருக்கும். ஒன்று மென்பொருளுக்கு, இன்னொன்று மனிதர்களுக்கு. சேர, விலக, அமைப்பை மாற்ற அனுப்பும் கட்டளைகள் முதல் முகவரிக்கு மட்டுமே போக வேண்டும். அதைக் குழுவின் முகவரிக்கு அனுப்பிவிட்டால் 'என்னைச் சேர்த்துக்கொள்ளவும்' என்ற மடல் ஆயிரம் பேருக்குப் போகும், நீங்கள் சேர்ந்திருக்கவும் மாட்டீர்கள். கூகுள் குரூப்ஸில் சேர்வதற்கு ஒரு பொத்தான் போதும். அது இல்லாவிட்டால் குழுவின் பெயரோடு கூட்டல் குறியும் 'சப்ஸ்க்ரைப்' என்ற சொல்லும் சேர்த்த முகவரிக்கு மடல் அனுப்பலாம். உறுதி செய்யச் சொல்லி ஒரு மடல் வரும். வரவில்லையென்றால் ஸ்பேம் பெட்டியில் பாருங்கள். அதற்குப் பதில் அனுப்பினால்தான் வேலை முடியும்.

பள்ளியின் பொது மின்னஞ்சலில் சேராதீர்கள். அதை நாலு பேர் பார்ப்பார்கள், மாறுதல் வந்தால் உங்கள் கையை விட்டும் போய்விடும். சொந்த முகவரியே நல்லது.

ஒரு நாளைக்கு நாற்பது மடல் வந்தால் என்ன செய்வது?

சேர்ந்தவுடனே 'டைஜஸ்ட்' முறைக்கு மாற்றிவிடுங்கள். அப்போது மடல்கள் தனித்தனியாக வராமல் தொகுப்பாக வரும். கூகுள் குரூப்ஸில் ஒரு தொகுப்பில் 25 மடல்கள் வரை இருக்கும். ஜிமெயிலில் அந்தக் குழுவுக்கென்று ஒரு லேபிள் உண்டாக்கி, அதன் மடல்கள் இன்பாக்ஸுக்கு வராமல் நேராக அங்கே போகும்படி ஃபில்டர் போட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் படிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தலைப்பைப் பார்த்து வேண்டியதைத் திறங்கள். முழு ஆண்டுத் தேர்வு சமயத்தில் 'மடல் வேண்டாம்' என்று அமைத்துவிட்டு, ஜூனில் மறுபடி திறந்துகொள்ளலாம்.

சேர்ந்த உடனே எழுத வேண்டுமா?

வேண்டாம். இரண்டு மூன்று வாரம் படித்துக்கொண்டே இருங்கள். யார் எப்படி எழுதுகிறார்கள், எந்தக் கேள்விக்குப் பதில் வருகிறது என்று பிடிபடும். சேமிப்பகத்தில் உங்கள் சிக்கலைத் தேடியும் பாருங்கள். பெரிய வகுப்பு, கலப்புத் திறன், வீட்டுப்பாடம் போன்றவை பற்றி ஏற்கெனவே நிறையப் பேசியிருப்பார்கள். அப்புறம் சுருக்கமாக ஒரு அறிமுக மடல்: பெயர், ஊர், எந்த வகுப்பு, எதில் ஆர்வம். பட்டங்களின் பட்டியல் தேவையில்லை.

பதில் வரும்படி கேள்வி கேட்பது எப்படி?

'மாணவர்களின் உச்சரிப்பை எப்படி மேம்படுத்துவது?' என்று கேட்டால் ஒன்றும் வராது. வந்தாலும் எந்தப் புத்தகத்திலும் இருக்கும் பொது அறிவுரைதான் வரும். பதில் சொல்கிறவருக்கு உங்கள் வகுப்பு கண்ணில் தெரிய வேண்டும். ஓர் உதாரணம் பார்ப்போம். ஆங்கிலத்தில் எழுத வேண்டிய மடலின் சாரத்தைத் தமிழில் தருகிறேன்.

'தமிழ்நாட்டில் ஒரு கிராமப் பள்ளி, ஆறாம் வகுப்பு, 38 பேர், எல்லோருக்கும் தாய்மொழி தமிழ். பூங்காவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் (park), நாய் குரைப்பதைக் குறிக்கும் சொல்லையும் (bark) ஒரே மாதிரிச் சொல்கிறார்கள். தமிழில் இரண்டு ஒலிக்கும் ஒரே எழுத்துதான். "தம்பி" என்னும்போது அதிர்வொலி (தொண்டை அதிரச் சொல்லும் b ஒலி) அவர்கள் வாயில் தானாக வருகிறது. ஆங்கிலச் சொல்லின் முதலில் வரும்போது சிக்கல். இரண்டு சொற்களையும் மாற்றி மாற்றிச் சொல்லி, எது கேட்டது என்று கை தூக்கச் சொன்னேன். பலர் தவறாகத் தூக்கினார்கள். வகுப்பில் கரும்பலகை தவிர வேறு கருவி கிடையாது. முதலில் கேட்கப் பழக்குவதா, சொல்லப் பழக்குவதா? பத்து நிமிடத்தில் முடிகிற பயிற்சி ஏதாவது உண்டா?'

இந்த மடலில் யார், எங்கே, என்ன சிக்கல், ஏற்கெனவே என்ன செய்து பார்த்தாயிற்று, என்ன வேண்டும் என்று எல்லாம் இருக்கிறது. இப்படிக் கேட்டால் எப்படிப்பட்ட பதில்கள் வரக்கூடும் என்று பாருங்கள். அரபு மொழியில் p என்ற அந்த வல்லொலியே (தொண்டை அதிராத ஒலி) கிடையாது. அதனால் எகிப்தில் கற்பிக்கிறவருக்கு இது தினசரிப் பிரச்சினை. உதட்டுக்கு முன்னால் மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்துச் சொல்லச் சொல்லுங்கள் என்பார் அவர். ஆங்கிலச் சொல்லின் முதலில் வரும் வல்லொலியில் மூச்சுக்காற்று வெளியேறிக் காகிதம் அசையும். அதிர்வொலியில் அசையாது. கொரிய மொழியிலும் தமிழைப் போலவே ஒரே எழுத்து உயிரெழுத்துகளுக்கு நடுவில் அதிர்வொலியாக மாறும். அங்கிருந்து ஒருவர் தன் பயிற்சியைச் சொல்லலாம். ஒலியியல் தெரிந்த ஒருவர், தமிழில் நாம் சொல்லும் 'ப'வில் அந்த மூச்சுக்காற்று கிடையாது, அதனால்தான் ஆங்கிலேயர் காதுக்கு அது அதிர்வொலி போலவே கேட்கிறது என்று விளக்கலாம். தமிழ் அறிந்த உறுப்பினர் இருந்தால் இன்னும் நல்லது. 'பிள்ளைகள் "பஸ்" என்று சரியாகத்தானே சொல்கிறார்கள்? "பல்", "பஸ்" இரண்டையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, முதல் ஒலியில் என்ன வித்தியாசம் என்று தொண்டையில் விரல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்' என்பார். இரண்டு ஒலியும் அவர்களிடம் இருக்கிறது, ஆங்கிலச் சொற்களில் எங்கே எது என்றுதான் பழக வேண்டும் என்று தெரிந்த பிறகு நீங்கள் பாடத்தை அமைக்கும் விதமே மாறிவிடும்.

தலைப்பையும் கவனியுங்கள். 'உதவி தேவை' என்று போட்டால் யாரும் திறக்கமாட்டார்கள். 'தமிழ் மாணவர்கள், ஆறாம் வகுப்பு, சொல்லின் முதல் ஒலி' என்று போட்டால் பதில் தெரிந்தவர் திறப்பார்.

கேட்டுப் பத்து நாளாகியும் ஒரு பதிலும் இல்லை. என்ன செய்ய?

பல நாடுகளில் விடுமுறை வெவ்வேறு சமயத்தில் வரும். ஜூலை, ஆகஸ்டில் ஐரோப்பியப் பள்ளிகள் மூடியிருக்கும். பத்து நாள் கழித்து, கேள்வியை இன்னும் சிறியதாக்கி ஒருமுறை கேளுங்கள். இதற்கிடையில் நீங்களே ஏதாவது செய்து பார்த்திருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். 'இப்படிச் செய்தேன், இந்த இடத்தில் நின்றுவிட்டது' என்ற மடலுக்குப் பெரும்பாலும் யாராவது எழுதிவிடுவார்கள்.

பதில் எழுதும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

முந்தைய மடல் முழுவதையும் கீழே தொங்கவிடாதீர்கள். எந்த வரிக்குப் பதில் சொல்கிறீர்களோ அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழியுங்கள். டைஜஸ்டில் படிப்பவர்களுக்கு இது பெரிய உதவி. டைஜஸ்டிலிருந்து பதில் எழுதினால் தலைப்பை மாற்ற மறக்காதீர்கள். 'நன்றி', 'அருமை' என்ற ஒற்றைச் சொல் மடல்கள் அந்த ஒருவருக்கு மட்டும் போகட்டும். அனுப்பும் முன் பெறுநர் இடத்தில் இருப்பது குழுவா, தனி நபரா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். பெரிய கோப்புகளை இணைக்காமல் கூகுள் டிரைவில் போட்டு இணைப்பு கொடுங்கள். பல குழுக்கள் இணைப்புக் கோப்புகளை ஏற்பதே இல்லை. விடுமுறை தானியங்கிப் பதிலை ஜிமெயிலில் போடும்போது 'தொடர்பில் இருப்பவர்களுக்கு மட்டும்' என்று அமையுங்கள்.

பல பதில்கள் வந்தால் நீங்களே அவற்றைத் தொகுத்து ஒரு மடலாகப் போடுவது நல்ல மரபு. கேட்டவரே 'இத்தனை யோசனை வந்தது, இரண்டை வகுப்பில் செய்தேன், இது பலித்தது, இது பலிக்கவில்லை' என்று எழுதும் மடல்தான் சேமிப்பகத்தில் அதிகம் பயன்படுவது. நம் ஆசிரியர்கள் உதவி பெற்றதும் அமைதியாகிவிடுகிறார்கள். அடுத்த ஆசிரியருக்கு அது நஷ்டம்.

இலக்கணக் கேள்விக்கு இரண்டு பேர் எதிரெதிராகப் பதில் சொன்னால்?

அடிக்கடி நடக்கும். ஒருவர் லண்டன் வழக்கைச் சொல்வார், இன்னொருவர் அமெரிக்க வழக்கைச் சொல்வார். ஒன்றை முன்கூட்டியே வைத்துக்கொள்வதற்கு நம்மூரில் எல்லோரும் சொல்லும் 'ப்ரீபோன்' என்ற சொல்லைப் பலர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள். ஆனால் பெரிய ஆங்கில அகராதிகள் அதை இந்திய ஆங்கிலச் சொல்லாகவே பதிந்திருக்கின்றன. தாய்மொழியாகப் பேசுகிறவர் என்பதாலேயே ஒருவர் சொல்வது முடிவான தீர்ப்பு ஆகாது. தனக்குப் பழகியதை அவர் சொல்கிறார், அவ்வளவுதான். சந்தேகம் வந்தால் சொற்தொகுதிகளில், அதாவது உண்மையான எழுத்தையும் பேச்சையும் திரட்டி வைத்திருக்கும் தரவுத் தொகுப்புகளில் தேடுங்கள். பிரிட்டிஷ் தேசியச் சொற்தொகுதியில் 10 கோடிச் சொற்கள் இருக்கின்றன. அமெரிக்க ஆங்கிலத்துக்கான 'கோகா'வில் 100 கோடிக்கு மேல் இருக்கின்றன. ஒரு தொடர் எத்தனை முறை, எந்த மாதிரி எழுத்தில் வருகிறது என்று கண்ணால் பார்க்கலாம். பத்தாம் வகுப்புத் தேர்வில் எது மதிப்பெண் பெறும் என்பது வேறு கேள்வி. அதற்கு உங்கள் விடைக்குறிப்பைத்தான் பார்க்க வேண்டும். மாணவர்களிடம் இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடுங்கள்.

மாணவர்களைப் பற்றி எழுதலாமா? அவர்கள் எழுதியதைப் பகிரலாமா?

எழுதலாம், அடையாளம் தெரியக் கூடாது. பெயர், பள்ளி, ஊர் மூன்றையும் எடுத்துவிடுங்கள். நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்தால் பெயர் எழுதிய மூலையை வெட்டிவிடுங்கள். குடும்ப நிலை, நோய், சாதி எதுவும் வேண்டாம். சேமிப்பகம் பல வருடம் நிற்கும். அந்தப் பிள்ளை வளர்ந்து பெரியவனாகிப் படித்தாலும் வருத்தப்படக் கூடாது. உடன் வேலை செய்பவர்கள், தலைமையாசிரியர் பற்றிய மனக்குறைகளுக்கும் இது இடமில்லை.

மாணவர்களையே ஒரு மடற்குழுவில் சேர்த்து எழுத வைக்கலாமா?

கல்லூரி மாணவர்கள் என்றால் தாராளமாக. ஆங்கிலம் படிக்கும் மாணவர்களுக்கென்றே ஆஸ்திரேலியாவின் லா ட்ரோப் பல்கலைக்கழகம் 1994இல் மடற்குழுக்களைத் தொடங்கியது. ஒரு நாட்டு மாணவருக்கும் இன்னொரு நாட்டு மாணவருக்கும் பொதுவாக இருக்கும் ஒரே மொழி ஆங்கிலம் என்னும்போது எழுத்துக்கு உயிர் வந்துவிடுகிறது. பள்ளிப் பிள்ளைகள் விஷயத்தில் நிதானம் வேண்டும். இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் இருப்பவரைக் குழந்தையாகவே கொள்கிறது, பெற்றோர் ஒப்புதல் கேட்கிறது. அதனால் தனித்தனி முகவரி வேண்டாம். பிள்ளைகள் காகிதத்தில் எழுதட்டும். நீங்கள் தட்டச்சு செய்து, உங்கள் முகவரியிலிருந்து, இன்னொரு நாட்டு ஆசிரியருக்கு வகுப்பின் மடலாக அனுப்புங்கள்.

இப்போதுதான் ஏஐ வந்துவிட்டதே, அதைக் கேட்டால் போதாதா?

இலக்கண விளக்கம், பயிற்சி வினாக்கள் வேண்டுமென்றால் கேட்டுப் பாருங்கள், சரிபார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் 'போன செவ்வாய்க்கிழமை இதை என் வகுப்பில் செய்தேன், பின்வரிசைப் பையன்கள் இப்படி மடக்கினார்கள்' என்று சொல்ல வகுப்பு நடத்துகிறவரால்தான் முடியும். குழுவுக்குப் போகும் மடலை ஏஐயிடம் எழுதி வாங்காதீர்கள். நீங்களே எழுதினால்தான் மேலே சொன்ன பயிற்சி கிடைக்கும். படிக்கிறவர்களுக்கும் அது உடனே தெரிந்துவிடும்.

எங்கள் ஒன்றியத்து ஆசிரியர்களே ஒரு குழு தொடங்கலாமா?

கட்டாயம் தொடங்குங்கள். பதினைந்து இருபது பேர் போதும். கூகுள் குரூப்ஸில் கால் மணி நேர வேலை. உறுப்பினர் மட்டுமே படிக்கலாம் என்று அமையுங்கள். புதியவரின் முதல் மடலை மட்டும் நடத்துநர் பார்த்து அனுமதித்தால் விளம்பர மடல்கள் வராது. நடத்துநராக இரண்டு பேர் இருக்கட்டும். ஒருவருக்கு மாறுதலோ ஓய்வோ வந்தாலும் குழு நிற்காது. சுற்றறிக்கைகளுக்கு இடமில்லை என்று முதல் மடலிலேயே சொல்லிவிடுங்கள், அதற்கு வாட்ஸ்அப் இருக்கிறது. உரையாடல் ஆங்கிலத்திலா தமிழிலா என்று கேட்டால், ஆங்கிலத்தில் என்பேன். தமிழில் எழுதியவரை யாரும் எதுவும் சொல்லவும் வேண்டாம். முதல் இரண்டு மாதம் வாரம் ஒருவர் என்று முறை வைத்து, தன் வகுப்பில் நடந்த ஒரு விஷயத்தை எழுதச் சொல்லுங்கள். அது ஓடத் தொடங்கினால் கேள்விகள் தானாக வரும்.

சேமிப்பகத்தைப் பிரதி எடுத்து வைப்பதில் மட்டும் அலட்சியம் வேண்டாம். யாஹூ குரூப்ஸில் ஆசிரியர்கள் இருபது வருடம் எழுதிச் சேர்த்தவை ஏராளம். பழைய பதிவுகளை நீக்கப்போவதாக 2019 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. 2020 டிசம்பர் 15 அன்று சேவையே மூடப்பட்டது. முன்கூட்டியே பிரதி எடுத்த குழுக்களின் மடல்கள் மட்டுமே மிஞ்சின. அதனால் கோடை விடுமுறை தொடங்கும்போது, குழுவின் உரிமையாளர் 'கூகுள் டேக்அவுட்' என்ற தரவிறக்கச் சேவை வழியாகக் குழுவின் மடல்களைத் தரவிறக்கி, ஒன்றை வட்டார வள மையத்துக் கணினியிலும் ஒன்றைத் தன்னிடமும் வைத்துக்கொள்ளட்டும்.